தலைமழைக்குக் காத்திருந்த வாத்து

கருவேலங்குளத்தில் பொட்டாயி என்றொரு பெண் வாத்து இருந்தாள். அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அவளுக்குச் சிவப்புப் பொட்டு. அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் சடையன். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது, சண்டை போட்டது, கூடு கட்டியது எல்லாம் அந்தக் குளத்துக் கோரைக்குள்தான்.

அந்தக் குளத்துக்கு எதிரி ஒன்றே ஒன்று. வெயில். சித்திரை பிறந்தால் குளம் குட்டையாகும். குட்டை சேறாகும். சேறு பாளம் பாளமாக வெடிக்கும். முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டது. பொட்டாயியின் குஞ்சுகள் சேற்றில் கால் புதைந்து நின்றன. பருந்து வந்தது. அவசரமே படாமல், தட்டில் வைத்ததை எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. பொட்டாயி கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். வேறென்ன செய்ய முடியும்?

குளிர்காலம் அப்படியல்ல. அது அந்தக் குளத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் மாதிரி. ஐப்பசியில் மழை இறங்கும். கார்த்திகையில் குளம் நிறைந்து மறுகால் பாயும். மார்கழியில் விடியற்காலம் கொஞ்சம் நடுக்கும்தான். ஆனால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் வெதுவெதுவென்று இருக்கும். வெயில் காலத்தில் குஞ்சு சாகும், குளிர்காலத்தில் குஞ்சு பிழைக்கும். இதுதான் அங்கே எல்லாப் பறவைகளுக்கும் தெரிந்த பாடம்.

அந்தக் குளிர்காலத்துக்கென்றே வடக்கேயிருந்து விருந்தாளிகள் வருவார்கள். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்துகள். அவர்களுக்குத் தலைவி வரிச்சி. வாட்டசாட்டமானவள், வாயும் கொஞ்சம் பெரிது. அவள் வருஷா வருஷம் தன் ஊர்க் கதையைச் சொல்வாள். எங்கள் ஊரில் குளிர் வந்தால் தண்ணீர் கல்லாகிவிடும், அதன்மேல் நரி நடந்து போகும் என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கொக்கு ஒருநாள் கேட்டது: "அப்படியா அக்கா? அப்ப அங்கே கொக்கெல்லாம் மீனை உளி வச்சுத்தான் எடுக்குமோ?"

குளமே சிரித்தது. வரிச்சியும் சேர்ந்து சிரித்தாள். சாப்பாடு நிறைய இருக்கிற இடத்தில் யாரும் ரொம்ப நேரம் வாதாட மாட்டார்கள்.

அந்தப் பங்குனியில் விருந்தாளிகள் கிளம்பத் தயாரானபோது பொட்டாயி வரிச்சியின் முன்னால் வந்து நின்றாள். இன்னொரு கோடையை இந்தச் சேற்றில் பார்க்க என்னால் ஆகாது, எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். வரிச்சி யோசித்தாள். பனிமலையைத் தாண்டும் அளவுக்கு உங்கள் இறக்கை போதாது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரி இருக்கிறது, கோடை முழுக்கத் தளும்பும், அதுவரை கொண்டுபோய் விடுகிறேன் என்றாள்.

"ஒரே ஒரு வார்த்தை, தங்கச்சி. திரும்பி வரும்போது அந்த ஏரியில இறங்கி உங்களைக் கூப்பிடுவேன். கூப்பிட்டதும் கிளம்பிடணும்."

பொட்டாயி பூம்பூம் மாட்டைப் போலத் தலையாட்டினாள்.

ஏரி வரிச்சி சொன்னதைவிட அழகாக இருந்தது. சுற்றிலும் தேவதாரு மரங்கள். நடுவில் ஒரு சின்னத் தீவு. கரையெல்லாம் நாணல். சித்திரையில் தண்ணீர் தளும்பியது. வைகாசியிலும் தளும்பியது. பொட்டாயி தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஆடியில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகே முட்டையிட்டாள். அதனால் குஞ்சுகள் பொரிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஐந்து குஞ்சுகள். நான்கு குஞ்சுகள் சொன்ன சொல் தட்டாதவை. "வா" என்றால் வரும், "முங்கு" என்றால் முங்கும். கடைக்குட்டி மட்டும் வேறு மாதிரி. எதைச் சொன்னாலும் "இதோ வரேன்மா" என்னும். வராது. எல்லாரும் குளித்துக் கரையேறிய பிறகுதான் அது தண்ணீருக்குள் ஒரு காலை வைத்துப் பார்க்கும். அதற்குச் சுணங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொட்டாயிக்கு அதை நினைத்தால்தான் கவலை. இது எப்படிப் பிழைக்கப் போகிறதோ என்று சடையனிடம் புலம்புவாள்.

அந்தக் கரையில் ஒரு செந்நரியும் இருந்தது. தீவுக்கு நீந்தி வர அதற்குச் சோம்பல். மாலை நேரத்தில் கரையில் உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொண்டு குஞ்சுகளையே பார்க்கும். பொட்டாயிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"என்ன நரியண்ணே, பார்த்துப் பார்த்தே வயிறு நிறைஞ்சிரும்போல?"

"அவசரமில்லை தாயி," என்றது நரி. "குளிர் வரட்டும். நடந்தே வர்றேன்."

"தண்ணி மேலேயா?"

"தண்ணி மேலேதான். பிழைக்கணும்னா அதுக்கு முன்னால கிளம்பிப் போயிடு."

பொட்டாயிக்குச் சிரிப்பு வந்தது. இரையிடமே இப்படி உண்மையைச் சொல்லிக் கொடுக்கிற நரியை நான் கண்டதில்லை என்றாள்.

"நரி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கல்ல? அதான் தைரியமாச் சொல்றேன்," என்றது அது. கொட்டாவி விட்டது. எழுந்து போய்விட்டது.

நம்மை விரட்டிவிட்டு ஏரியைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று பொட்டாயி சடையனிடம் சொன்னாள். நரிக்கு எதற்கு ஏரி என்று சடையன் கேட்டான். 

ஐப்பசியில் வரிச்சியின் கூட்டம் மலையைத் தாண்டி வந்து இறங்கியது. நெடுந்தூரம் பறந்த களைப்பில் எல்லாரும் நாணல் ஓரம் மேய்ந்தார்கள். வரிச்சி மட்டும் நேராகத் தீவுக்கு வந்தாள். குஞ்சுகளின் இறக்கையை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். போதும், பறந்துவிடும், விடிந்ததும் கிளம்பலாம் என்றாள்.

பொட்டாயி தயங்கினாள்.

"இன்னும் தலைமழை நனையலியே, அக்கா."

கருவேலங்குளத்து வாத்துகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தின் முதல் மழையைத் தலைமழை என்பார்கள். அந்த வருஷத்துக் குஞ்சுகளைக் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிறுத்துவார்கள். இறக்கையை விரித்து, கழுத்தை நிமிர்த்தி, அந்த மழையை உடம்பில் வாங்க வேண்டும். மழை நிற்கும்வரை இறக்கையை மடக்கக் கூடாது, உதறவும் கூடாது. அப்படி நனைந்த குஞ்சுக்குத்தான் இறக்கை உறுதிப்படும், நோய் அண்டாது என்பது நம்பிக்கை. தலைமழை நனையாத குஞ்சைக் குளம் தாண்டிப் பறக்க விடவே மாட்டார்கள்.

முந்தின வருஷம் மழை பொய்த்ததால் பொட்டாயியின் குஞ்சுகள் தலைமழை நனையவில்லை. அதனால்தான் அவை செத்தன என்று அவள் மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும்.

வரிச்சி பொறுமையாகத்தான் சொன்னாள். உங்கள் ஊரில் ஐப்பசி என்றால் மழை, இங்கே ஐப்பசி என்றால் வறண்ட வானம், ஒரு சொட்டு விழாது. அப்புறம் விழுவது மழையே அல்ல. மாதத்துக்குப் பெயர் ஒன்றாக இருந்தால் மேகமும் ஒன்றாக இருந்துவிடுமா என்று கேட்டாள்.

"அக்கா, குளிரை நாங்களும் பார்த்திருக்கோம்."

"நீ பார்த்தது குளிர் இல்லடி. அது குளிரோட நிழல்."

இதைக் கேட்டதும் பொட்டாயிக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் எங்கள் குளத்துக்கு வந்து குளிர்காலம் போல ஒரு காலம் உண்டா என்று வாயாரப் புகழ்ந்தது யார்? அங்கே தின்னும்போது இனித்தது, இங்கே கசக்குதா? இப்படியெல்லாம் கேட்டுவிட்டாள். வரிச்சிக்கும் முகம் சிறுத்துவிட்டது.

சடையன் நடுவில் புகுந்தான். வந்தவர்களோடு போய்விடலாம், போகும் வழியில் எங்காவது மழை வரும், அங்கே நனைத்துக்கொள்ளலாம் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் பொட்டாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன வருஷம் இப்படித்தான் அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னீங்க."

குஞ்சைப் பறிகொடுத்தவள் முன்னால் யார் நின்று வாதாட முடியும்?

விடிந்ததும் கூட்டம் எழுந்தது. வரிச்சி கடைசியாக ஒருமுறை தீவுக்கு மேலே வட்டமடித்தாள். ஏரி ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் அதற்குமேல் ஒரு நாளும் தங்காதே, மழையையும் பார்க்காதே, மானத்தையும் பார்க்காதே என்று கத்திவிட்டுப் போனாள்.

ஐப்பசி போனது. மழை இல்லை. கார்த்திகை வந்தது. பொட்டாயி தினமும் கழுத்தை உயர்த்தி மேகம் தேடினாள். வானம் துடைத்துவிட்ட சட்டி மாதிரி இருந்தது.

ஒருநாள் காலையில் ஏரியின் ஓரம் கண்ணாடியாகிவிட்டது. சடையன்தான் முதலில் பார்த்தான். அவன் ஓடிவந்து சொல்வதற்குள் குஞ்சுகள் அதன்மேல் ஏறி வழுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டன. பொட்டாயிக்கும் முதலில் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் உச்சிவேளைக்குள் அது கரைந்து தண்ணீராகிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா இத்தனை கூப்பாடு?"

அதன் பிறகு அவள் தன் ஊர் வைத்தியத்தைச் செய்தாள். குளிருக்குத் தண்ணீருக்குள் இறங்கு. எல்லாரையும் ஏரியின் நடுவில் கூட்டி வைத்துக்கொண்டு தூங்கினாள். நடுத் தண்ணீர் ஓரத்தைவிட வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பார்த்தீர்களா, எல்லா ஊரிலும் தண்ணீர் தண்ணீர்தான் என்று சடையனைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் கண்ணாடி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து வந்தது. தினமும் பார்க்கிற முகத்தில் நரை ஏறுவது தெரியுமா? அப்படித்தான் அதுவும்.

மார்கழி பிறந்தது. தீவின் கரையில் ஒரு பாறை சாய்ந்து நிற்கும். அதன் அடியில் உலர்ந்த நாணல் சருகு மெத்தை போலக் கிடக்கும். ராத்தங்கலை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சடையன் கெஞ்சினான். பொட்டாயிக்கும் கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்ததால் சரி என்றாள். மழை வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் முதல்முறையாக அவளுக்குள் எட்டிப் பார்த்தது. இந்த வருஷமும் பொய்த்துவிடுமோ? மறுபடியும் நனையாத குஞ்சுகளோ?

மறுநாள் விடியும்போது வானம் மூடியிருந்தது. கறுப்பும் சாம்பலுமாகத் தொங்கியது. காற்றில் குளிர்கூடக் கொஞ்சம் குறைந்திருந்தது. பிறகு பாறையின்மேல் சடசடவென்று சத்தம் கேட்டது.

மழை.

பொட்டாயி பாறையடியிலிருந்து வெளியே ஓடினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் காத்திருப்பு. கரையோரம் கண்ணாடி உடைந்த ஓர் இடத்தில், கணுக்கால் தண்ணீரில், இறக்கையை விரித்து நின்றாள்.

"வாங்க எல்லாரும்! தலைமழை வந்திருச்சு!"

நான்கு குஞ்சுகளும் சருகு மெத்தையை விட்டு ஓடிவந்தன. சடையனும் பின்னால் வந்து இறக்கையை விரித்தான். குஞ்சுகள் அம்மா காட்டியபடி வரிசையில் நின்று, இறக்கையை விரித்து, கழுத்தை நிமிர்த்தின.

சுணங்கி வரவில்லை. பாறை விளிம்பில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்து நின்றது. ஒரு சொட்டு அதன் அலகில் விழுந்தது. சொட்டு வழியவில்லை. அங்கேயே ஒட்டிக்கொண்டது. சுணங்கி அதை மாறுகண்ணால் பார்த்தது. பிறகு அலகைப் பாறையில் தேய்த்துத் தேய்த்து எடுத்தது.

"ஏண்டி நிக்கிறே? உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றாள் பொட்டாயி.

"இதோ வரேன்மா," என்றது சுணங்கி. உள்ளேயிருந்த காலை எடுக்கவில்லை.

மழை ஊசி ஊசியாகக் குத்தியது. சடையன் ஊசி குத்துவது போலிருக்கிறது என்று முனகினான். தலைமழை குத்தத்தான் செய்யும் என்றாள். மூத்த குஞ்சு மெதுவாகச் சொன்னது:

"அம்மா, இறக்கை கனக்குது."

"தண்ணி ஏறினா கனக்காதா? உதறாதே. மழை நிக்கட்டும்."

அது உதறவில்லை. அம்மா சொல் தட்டாத பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் நாணல் எல்லாம் பளபளவென்று மின்ன ஆரம்பித்தது. ஒவ்வொரு தாளும் கண்ணாடி உறை போட்டுக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு அவை கனம் தாங்காமல் பட்பட்டென்று ஒடிந்து விழுந்தன. மலைச்சரிவில் ஒரு தேவதாருக் கிளை முறிந்தது. இன்னொன்று முறிந்தது. காடு முழுக்க யாரோ பானைகளைப் போட்டு உடைப்பது போலிருந்தது.

பொட்டாயி இறக்கையை மடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மறுபடியும் முயன்றாள். இறக்கை ஒரு பலகையைப் போல நின்றது. இறகுக்கு இறகு ஒட்டி, அதன்மேல் கண்ணாடி ஏறியிருந்தது. காலைத் தூக்கப் பார்த்தாள். காலைச் சுற்றியிருந்த தண்ணீர் அவளை விடவில்லை. தண்ணீர் கல்லாகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்?

"உள்ளே போங்க!" என்று கத்தினாள். "உதறிட்டு உள்ளே ஓடுங்க!"

யாராலும் ஓட முடியவில்லை. குஞ்சுகள் விரித்த இறக்கையோடு, நிமிர்ந்த கழுத்தோடு, வரிசை கலையாமல் நின்றன. மழை நிற்கவில்லை. விழ விழ அது அவர்கள்மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஏறிக்கொண்டே இருந்தது.

சடையன்தான் கால் தோல் கிழிய இழுத்துப் பிடுங்கிக்கொண்டான். அவன் பாறையைப் பார்க்கவில்லை. வயிற்றால் ஊர்ந்து குஞ்சுகளிடம் போனான். விரிந்தபடி விறைத்த இறக்கையை அப்படியே அவர்கள்மேல் சாய்த்துப் படுத்தான். மழை அவனையும் குஞ்சுகளையும் சேர்த்து மூடியது. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் கீச்சுக் குரல் கேட்டது. அப்புறம் ஒரு குரல் குறைந்தது. இன்னொன்று குறைந்தது. பொட்டாயி ஒவ்வொன்றின் குரலும் எது எது என்று அறிந்தவள். கடைசியில் அங்கே ஒரு வெள்ளை மேடு மட்டும் இருந்தது.

மழை நின்றபோது உச்சிவேளை. சத்தமே இல்லை.

பொட்டாயிக்கு ஒரே ஒரு நினைப்புதான் பாக்கி இருந்தது. சூரியன். அவள் ஊரில் மார்கழிப் பனி எவ்வளவு மூடினாலும் சூரியன் ஒரு பனை உயரம் ஏறினால் போதும், எல்லாம் விலகிவிடும். சூரியன் வந்தால் இறக்கை இளகும். இறக்கை இளகினால் சுணங்கியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

அப்போது ஏரியின் மறுகரையிலிருந்து நரி வந்தது. தண்ணீரின் மேலே நடந்து வந்தது. அவசரமே இல்லை. நகம் கண்ணாடியில் டக் டக்கென்று ஒலித்தது. வெள்ளை மேட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு பொட்டாயிக்கு எதிரே உட்கார்ந்தது.

"கிளம்பலியா தாயி?" என்று கேட்டது. குரலில் கேலி இல்லை. "எனக்கும் இனிமே மூணு மாசத்துக்கு இதுதான் கஞ்சி. உங்க குளிர் வேற, வடக்கத்தி வாத்தக்கா குளிர் வேற, என் குளிர் வேற. எனக்கு இது பாலம்."

பொட்டாயி நேரம் கடத்தினாள். செத்ததை முதலில் சாப்பிடலாமே என்றாள். செத்தது எங்கேயும் போகாது, உயிருள்ளதுதான் போய்விடும், அதனால் முதலில் நீதான் என்றது நரி. நான் தெற்கத்திக்காரி, எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சாப்பிடு என்றாள். வயிறு அவசரப்படாததால் நரி தலையாட்டியது. அவள் கொக்கைப் பற்றிச் சொன்னாள், குளத்தைப் பற்றிச் சொன்னாள், பருந்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல வானத்தையே பார்த்தாள்.

மேகம் அசையவில்லை.

"என்ன தாயி, மானத்தையே பார்க்கிறே?"

"சூரியன் எப்ப வரும்?"

"இன்னிக்கா? நாளைக்கு வந்தாலும் வரும். வந்தாலும் சுடாது. மார்கழிச் சூரியன் இங்கே சும்மா ஒரு படம் மாதிரி."

பொட்டாயியின் நெஞ்சுக்குள் எதுவோ அறுந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாறையடியிலிருந்து ஒரு சன்னமான குரல் வந்தது. "ம்மா."

நரியின் காது திரும்பியது.

"அது நாணல்," என்றாள் பொட்டாயி சட்டென்று. "காலையிலேயிருந்து ஒடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க கதையைக் கேளுங்க நரியண்ணே. முக்கியமான இடம் வருது."

அவள் குரலை உயர்த்தினாள். தொண்டையில் பனி குத்தியது. ஆனாலும் உயர்த்தினாள்.

"ஒரு ஊர்ல ஒரு முட்டாள் வாத்து. பேச்சுக்கு, அவளுக்கு ஒரு புத்திசாலிக் குஞ்சு இருந்ததுன்னு வச்சுக்குவோம். அது என்ன செய்யும் தெரியுமா? சத்தம் போடாது. உலர்ந்த இடத்தைவிட்டு இன்னிக்கு அசையாது. சருகுக்குள்ள நல்லாப் புதைஞ்சுக்கும். நாளைக்கு வானம் தெளிஞ்சதும், எந்தப் பறவை தெற்கே போனாலும் அது யாரு என்னன்னு கேட்காம அதுகூடப் போயிடும். தலைமழை நனையணும்னு நிக்காது. அப்பனைத் தேடாது."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் சொன்னாள்.

"அம்மா கூப்பிட்டாலும் வராது."

நரி தலையைச் சாய்த்துப் பார்த்தது. யாருக்குச் சொல்கிறாய் இதையெல்லாம் என்று கேட்டது.

"எனக்குத்தான். முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"நான் சொன்னேனே தாயி."

"ஆமா," என்றாள் பொட்டாயி. "சொன்னீங்க."

பாறையடியில் சத்தமில்லை. சருகு மட்டும் மெல்ல ஒருமுறை அசைந்து அடங்கியது. பொட்டாயி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நரியும் திரும்பியிருக்கும். பெற்றவளுக்குக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருக்காதா? இருந்தது. நரியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதை முடிஞ்சுதா?" என்றது நரி.

"முடிஞ்சுது," என்றாள்.

மறுநாள் வானம் தெளிந்தது. தாமதமாகக் கிளம்பிய கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்று ஏரிக்கு மேலே தெற்கு நோக்கிப் போனது. அதன் வால்பக்கத்தில், அந்தக் கூட்டத்தைச் சேராத ஒரு சின்ன வாத்தும் இறக்கையை வேகவேகமாக அடித்துக்கொண்டு பறந்தது. தீவுக்கரையில் என்ன கிடந்தது என்று அது குனிந்து பார்க்கவேயில்லை.

ஒவ்வோர் ஊருக்கும் குளிர் வேறு, மழை வேறு. தன் ஊர் அனுபவமே உலகம் என்று நம்பி அந்த ஊர்க்காரர் சொல்லைத் தள்ளுகிறவர் தாமும் அழிவார், தம் சொல்லைத் தட்டாத பிள்ளைகளையும் சேர்த்து அழிப்பார்.